மலிவான டிஜிட்டல் இசைமூலம்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு மதிப்பீடு

வீட்டு ஒலியமைப்பில் மூன்று உறுப்புகள் உண்டு. பதிவைப் படித்து மின்குறிகையாகத் தருவது மூலம். அந்தக் குறிகையை வலுவாக்குவது ஆம்ப்ளிஃபயர். அதைக் காற்றின் அதிர்வாக மாற்றுவது ஸ்பீக்கர். முன்பு இசைத்தட்டுச் சுழலியும் கேசட் டெக்கும் மூலங்களாக இருந்தன. இன்று கைப்பேசி, கணினி, குறுந்தகடு இயக்கி, இணையச் சேவை ஆகியவை அந்த இடத்துக்கு வந்துவிட்டன. குறைந்த செலவில் இவற்றுள் எதைத் தேர்வது என்ற கேள்விக்குச் சந்தையும் கருவி விமர்சனங்களும் பெரும்பாலும் ஒரு பெட்டியின் பெயரையே விடையாகத் தருகின்றன. தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தில் இருந்துகொண்டு அந்தப் பகுதியின் இசையைக் கேட்க விரும்பும் ஒருவருக்கு இந்த விடை போதாது. அவருடைய இசைமூலம் பெட்டிக்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகிறது. எந்தப் பதிவின் எத்தனையாவது நகல் அவர் கையில் இருக்கிறது என்பதே அங்கு முதற்கேள்வி.

பள்ளத்தாக்கும் அதன் இசையும்

உத்தமபாளையம் முல்லைப் பெரியாற்றுப் படுகையில், சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் இடையே அமைந்த ஊர். 1943-இல் இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இந்த வட்டத்தைச் சேர்ந்தது. அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் வாசித்த அவர், பின்னர் சென்னைக்குச் சென்று 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாகத் திரையிசையமைப்பாளர் ஆனார். 1980-இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்தில் இன்றைய தேனி மாவட்டத்தைச் சேர்ந்த மூவர் ஒன்றுசேர்ந்தனர்: இயக்குநர் பாரதிராஜா, இளையராஜா, அப்படத்தில் பாடலாசிரியராக அறிமுகமான வைரமுத்து.

எனவே இப்பகுதியில் ஒலியமைப்பு வாங்குகிறவரின் சேகரிப்பில் 1970கள், 1980களின் திரையிசை பெரும்பங்கு வகிப்பது இயல்பு. கருவித் தேர்வில் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். மேலைநாட்டுக் கருவி விமர்சகர்கள் சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் ஜாஸ், செவ்வியல் பதிவுகளில் பல, மூலநாடாவிலிருந்து கவனமாக எடுக்கப்பட்டவை. தமிழ்த் திரையிசையில் அந்த உறுதி எல்லா இடத்திலும் இல்லை.

இளையராஜாவின் இசையமைப்பு முறை இக்கேள்வியை மேலும் கூர்மையாக்குகிறது. பாடகரின் மெட்டுக்குக் கீழே பேஸ் கிதார் தனக்கென ஒரு வழியில் நகரும். இடையிசையில் வயலின் குழு ஒரு திசையிலும் புல்லாங்குழல் வேறொரு திசையிலும் சென்று ஓரிடத்தில் சந்திக்கும். தேய்ந்த நகலில் குரலும் தாளமும் மட்டும் தப்பிப் பிழைக்கும். மெட்டு அப்படியே கிடைப்பதால் எதையும் இழந்ததாகக் கேட்பவருக்குத் தோன்றாது. இழப்பு தெரியாமலே போவதுதான் இதில் உள்ள ஆபத்து.

நகலின் நகல்

ஒரு பாடல் ஒலிப்பதிவுக்கூடத்தின் காந்தநாடாவிலிருந்து கேட்பவரின் கைக்கு வந்த பாதை நீண்டது. முதலில் இசைத்தட்டு வந்தது. 1980களில் கேசட் பரவியது. தமிழகத்தின் சிற்றூர்கள் எங்கும் இருந்த கேசட் கடைகளில், தாளில் எழுதிக் கொடுத்த பாடல்களை 60 அல்லது 90 நிமிட வெற்று நாடாவில் பதிந்து தரும் வழக்கம் இருந்தது. அப்படிப் பதியும்போது இசைத்தட்டின் கீறலும் நாடாவின் இரைச்சலும் பாட்டோடு சேர்ந்தே பதிந்தன. அந்த நாடாவிலிருந்து இன்னொரு நாடா எடுத்தால் இரைச்சல் கூடியது, உச்சஒலிகள் மங்கின.

அடுத்த கட்டம் எம்.பி.3. நொடிக்கு 128 கிலோபிட் அளவில் சுருக்கினால் ஐந்து நிமிடப் பாடல் 5 மெகாபைட்டுக்குள் அடங்கும். 700 மெகாபைட் தகடு ஒன்றில் 140-க்கும் மேற்பட்ட பாடல்களை நிரப்பலாம். கடைத்தெருவில் விற்ற எம்.பி.3 தகடுகளின் கவர்ச்சி இந்தக் கணக்கில்தான் இருந்தது. அந்தக் கோப்புகளே பின்னர் கைப்பேசிக் கடைகளில் மெமரி கார்டில் ஏற்றப்பட்டன, யூடியூபுக்கும் போயின. யூடியூப் தன் பங்குக்கு மீண்டும் சுருக்கியது. அங்கிருந்து இறக்கி, மறுபடியும் எம்.பி.3 ஆக்கிய கோப்பு ஒன்றைக் கேட்பவர், நாடா நகல்களின் தேய்மானத்தையும் இரண்டு மூன்று சுருக்கங்களின் இழப்பையும் சேர்த்தே கேட்கிறார்.

இதற்கு நேர்மாறான ஒரு சிதைவும் உண்டு. இரண்டு தடங்களில் பதிவான பாடலை ஐந்து ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து, பேஸைக் கூட்டி, ‘டி.டி.எஸ்.’ என்ற பெயரில் சுற்றுக்கு விட்ட கோப்புகள் 5.1 அமைப்பு வைத்திருப்போரிடையே பெருமதிப்புப் பெற்றன. மூலப்பதிவில் தனித்தனியாக இல்லாத கருவிகளை வடிகட்டிகளால் பிரித்ததுபோல் காட்டும் இவற்றில், இசையமைப்பாளரும் ஒலிப்பதிவாளரும் அமைத்த சமநிலை குலைந்துவிடுகிறது. பின்னால் வந்த ‘8டி’ ஒலிக்கோப்புகளும் இதே வகையைச் சேர்ந்தவை.

டிஜிட்டல் பதிவில் இருப்பது என்ன

சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கிய குறுந்தகடு 1982-இல் விற்பனைக்கு வந்தது. அது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. இம்முறையில் ஏறத்தாழ 22,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் குறிக்க முடியும். மனிதச் செவியின் மேல்எல்லை 20,000 ஹெர்ட்ஸ். வயது கூடக் கூட அதுவும் குறையும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் வேறுபாட்டைக் குறுந்தகடு தாங்கும். 1970களின் காந்தநாடா தந்ததைவிட இது அதிகம்.

ஆகவே பழைய திரைப்பாடலை 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பாக வாங்குவதால் கேட்பதற்கு எதுவும் கூடுவதில்லை. சிறிய பாத்திரத்தின் நீரை அண்டாவில் ஊற்றினாலும் நீரின் அளவு கூடாது.

குறுந்தகட்டின் தரவோட்டம் நொடிக்கு 1,411 கிலோபிட். 2001 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளாக் வடிவம் இதை இழப்பின்றிச் சுருக்குகிறது. விரித்துப் பார்த்தால் ஒரு பிட்கூட மாறியிருக்காது. ஐந்து நிமிடப் பாடல் சுமார் 30 மெகாபைட்டில் அடங்கும் என்று கொண்டால், 128 கிகாபைட் மெமரி கார்டில் நாலாயிரம் பாடல்கள் கொள்ளும். எம்.பி.3 வேறு வகை. ஓர் உரத்த ஒலியின் நிழலில் செவிக்குத் தெரியாத மெல்லிய ஒலிகளைக் கணித்து அது நீக்கிவிடுகிறது. 320 கிலோபிட்டில் இதைச் செய்தால் மூலத்திலிருந்து வேறுபாடு காண்பது பெரும்பாலோர்க்குக் கடினம். 128 கிலோபிட்டில் சலங்கை, ஜால்ரா, தபேலாவின் கூர்மையான தட்டு ஆகியவை குழைந்துபோகும். அப்படி நீக்கியதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது, எம்.பி.3-யை ஃப்ளாக்காக மாற்றினால் கோப்புதான் பெரிதாகும்.

கைக்கெட்டும் கருவிகள்

தமிழகத்தில் மிகுதியாகப் புழங்கும் மூலம், அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் பொருத்தப்படும் சிறு போர்டு. பென்டிரைவ், மெமரி கார்டு, புளூடூத், பண்பலை வானொலி எல்லாம் அதில் உண்டு. விலையும் சில நூறு ரூபாய்தான். ஆனால் இவற்றில் பல, எம்.பி.3 தவிர்த்த வடிவங்களைப் படிப்பதில்லை. மலிவான மின்வழங்கியின் இரைச்சலும் பாடலின் இடைவெளிகளில் சேர்ந்து கேட்கும். கூடத்தில் வேலைநேரத்தில் ஒலிக்கும் பாட்டுக்கு இது போதும். உட்கார்ந்து கேட்கும் ஒலியமைப்பில் முதலில் மாற்ற வேண்டிய உறுப்பும் இதுவே.

புளூடூத் வசதியானது. ஆனால் பரவலான எஸ்.பி.சி. முறை ஒலியை மீண்டும் ஒருமுறை சுருக்கித்தான் அனுப்புகிறது. மூலக்கோப்பு நல்லதாக இருந்தால் இந்த இழப்பு சிறியது. ஏற்கெனவே சுருங்கிய கோப்பாக இருந்தால் இழப்பின்மேல் இழப்பு ஏறும்.

கைப்பேசியின் சி வகைத் துளையில் செருகும் சிறு டிஜிட்டல்–அனலாக் மாற்றி, பேச்சுவழக்கில் ‘டேக்’, இன்று விலைக்கு மிஞ்சிய பயன் தருகிறது. ஹெட்போன் இணைப்புக்காக ஆப்பிள் விற்கும் சிறு வடத்துக்குள் இருப்பதும் ஒரு டேக்தான். அளவைச் சோதனைகளில் அது பன்மடங்கு விலையுள்ள பெட்டிகளுக்கு இணையான தூய்மையைக் காட்டியது பலரையும் வியக்கவைத்தது. வழக்கமான குறுந்தகடு இயக்கி 2 வோல்ட் வரை தரும். இத்தகைய வடங்கள் 1 வோல்ட் அளவே தரும். ஆம்ப்ளிஃபயரின் குமிழைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பினால் அந்தக் குறை தீர்ந்துவிடும். சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஆப்பிள் வடத்தின் ஒலியளவு இன்னும் தாழ்ந்தே வரும் என்பதால் வாங்குமுன் சோதித்துப் பார்ப்பது நல்லது. பயன்படாமல் கிடக்கும் பழைய கைப்பேசி, ஒரு மெமரி கார்டு, ஒரு டேக் ஆகிய மூன்றும் சேர்ந்தால் முழுமையான இசைமூலம் ஆகிவிடும்.

வீட்டுப் பரணில் கிடக்கும் டிவிடி பிளேயரையும் மறந்துவிடக் கூடாது. 2000களில் விற்ற பல மாதிரிகளின் பின்புறத்தில் கோஆக்சியல் டிஜிட்டல் வெளியீடு இருந்தது. அதை ஒரு டேக்கில் இணைத்தால் குறுந்தகட்டில் உள்ள பிட்டுகள் அப்படியே வந்து சேரும். தேய்ந்த லென்ஸ் மட்டுமே இதில் உள்ள இடர்.

2012-இல் அறிமுகமான ராஸ்பெர்ரி பை என்னும் சிறுகணினியில் வால்யூமியோ, மூட் போன்ற இலவச மென்பொருள்களை நிறுவினால் வீட்டுச் சேகரிப்பு முழுவதையும் கைப்பேசியிலிருந்தே தேர்ந்து கேட்கலாம். நிறுவுவதற்குப் பொறுமையும் ஓரளவு கணினிப் பழக்கமும் வேண்டும். திடீர் மின்தடையில் அதன் மெமரி கார்டு பழுதாகும் வாய்ப்புண்டு என்பதால் யு.பி.எஸ். அல்லது பவர்பேங்க் இணைப்பு தேவைப்படும்.

இணையச் சேவைகளின் நிலை

ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் மாதத்தில் கூடுதல் கட்டணமின்றி இழப்பற்ற ஒலியை வழங்கத் தொடங்கியது. மாதக் கட்டணத்தில் பல லட்சம் பாடல்கள் கிடைப்பது மலிவுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘இழப்பற்றது’ என்ற முத்திரை, சேவை தனக்கு வந்த கோப்பைக் குறைக்காமல் அனுப்புகிறது என்பதற்கு மட்டுமே உறுதி. அந்தக் கோப்பு மூலநாடாவிலிருந்து வந்ததா, கேசட்டிலிருந்து வந்ததா என்று அது சொல்வதில்லை. ஒரே பாடல் நான்கைந்து தொகுப்புகளில், நான்கைந்து விதமான ஒலியோடு இருப்பதை எந்தச் சேவையிலும் காணலாம்.

பாடல்கள் நிலையாக இருக்கும் என்பதும் உறுதியில்லை. இளையராஜாவின் பாடல்களுக்கான உரிமை குறித்து அவருக்கும் இசை நிறுவனங்களுக்கும் இடையே சென்னை உயர் நீதிமன்றத்தில் நெடுங்கால வழக்குகள் நடந்துள்ளன. உரிமை கைமாறினால் இன்று இருக்கும் பதிப்பு நாளை இருக்க வேண்டும் என்பதில்லை.

கருவியும் இதற்கு விலக்கல்ல. பழைய ஒலியமைப்பை இணையத்தோடு இணைக்க 2015-இல் கூகுள் கொண்டுவந்த குரோம்காஸ்ட் ஆடியோ, அக்காலத்தில் மலிவு மூலங்களில் முதன்மையாகப் பரிந்துரைக்கப்பட்டது. 2019-இல் அதன் உற்பத்தி நின்றது. 2025 மார்ச்சில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதால் உலகெங்கும் அக்கருவிகள் சில நாட்கள் முடங்கின. நிறுவனம் திருத்தம் அனுப்பிய பின்பே மீண்டும் இயங்கின. பெட்டி கேட்பவரின் வீட்டில் இருந்தாலும் அதை இயக்கும் உரிமை வேறிடத்தில் இருக்கலாம் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

வானொலியை இந்த வரிசையில் சேர்ப்பது வியப்பாக இருக்கலாம். கொடைக்கானலில் இருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் கோடை பண்பலை தென்மாவட்டங்களில் பரவலாகக் கேட்கப்படுகிறது. பண்பலையின் எல்லை 15,000 ஹெர்ட்ஸ்தான். ஆயினும் நிலையத்தில் நல்ல பதிவு சுழன்றால், தேய்ந்த 128 கிலோபிட் கோப்பைவிட அது நிறைவாகவே ஒலிக்கும். மூலத்தின் தரத்தைத் தொழில்நுட்பத்தின் வயது முடிவுசெய்வதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பதிப்பைத் தேர்வது

ஓரியண்டல், எக்கோ, பிரமிட் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட குறுந்தகடுகளைச் சேகரிப்போர் தேடி வாங்குவதற்குக் காரணம் பழமைமீதான ஏக்கம் மட்டுமன்று. 1990களுக்குப் பின் உலகெங்கும் பரவிய உரத்த ஒலிச் செம்மையாக்கத்துக்கு முந்தைய தகடுகளில், மெல்லிய பகுதி மெல்லியதாகவும் உரத்த பகுதி உரத்ததாகவும் விடப்பட்டிருக்கும். ‘ரீமாஸ்டர்’ என்று பெயரிட்டு வரும் பிற்காலப் பதிப்புகளில் எல்லாப் பகுதிகளும் ஒரே உயரத்துக்குத் தூக்கப்பட்டிருக்கக் கூடும். அதே வேளையில் எல்லாப் பழைய தகடுகளும் நல்லவை அல்ல. இசைத்தட்டிலிருந்து எடுத்து, கீறல் நீக்குகிறோம் என்று உச்சஒலிகளையும் சேர்த்து நீக்கியவை உண்டு. பெயரை நம்பாமல் சோதித்துப் பார்க்கவே வேண்டும்.

சோதனை எளிது. ஸ்பெக், அடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்கள் ஒரு கோப்பின் அலைவெண் பரப்பைப் படமாகக் காட்டும். 16,000 ஹெர்ட்ஸுக்கு அருகில் கத்தியால் வெட்டியதுபோல் படம் நின்றால், அது எம்.பி.3-யாக இருந்து வேடம் மாறிய கோப்பாக இருக்க வாய்ப்பு மிகுதி. உச்சியை நோக்கிப் படிப்படியாக மங்கினால் அது பழைய நாடாவின் இயல்பாக இருக்கலாம். 1960களின் ஒற்றைத்தடப் பாடலைப் போட்டால் குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் பரவி அலைந்தால் பதிப்பில் போலி ஸ்டீரியோ ஏற்றப்பட்டிருக்கலாம், அல்லது ஒரு ஸ்பீக்கரின் வடம் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கலாம்.

படத்தைவிடச் செவியே இறுதித் தீர்ப்பு. வி. எஸ். நரசிம்மனின் வயலினோடு 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்?’, ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு 1988-இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ ஆகிய இரண்டும் பாடலின்றி இசைக்காகவே அமைக்கப்பட்டவை. குரல் கவனத்தை இழுக்காததால் உள்வரிகளைப் பின்தொடர்வது இவற்றில் எளிது. இரண்டு பதிப்புகளை ஒப்பிடுகையில் பேஸ் செல்லும் வழியை ஒருமுறையும் வயலின் குழுவின் கீழ்வரிசையை ஒருமுறையும் தனியே பின்பற்ற வேண்டும். எந்தப் பதிப்பில் அந்த வரி நடுவில் அறுபடாமல் தொடர்கிறதோ அதுவே சிறந்தது.

கருவி விமர்சனத்தின் குறை

கருவி விமர்சனங்களில் ‘திரை விலகியது’, ‘வெதுவெதுப்பான ஒலி’, ‘கருமையான பின்னணி’ போன்ற சொற்கள் மிகுதி. இவற்றுள் பல, விலையும் தோற்றமும் தெரிந்த நிலையில் கேட்டு எழுதப்பட்டவை. இரண்டு கருவிகளில் ஒன்று சிறிதளவு உரக்க ஒலித்தாலும் செவி அதையே சிறந்தது என்று கருதும். ஒலியளவைச் சமமாக்கி, எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்டால், ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட இரண்டு டேக்குகளைப் பிரித்தறிவது அரிது. சாதாரண டேக் ஒன்றின் உருக்குலைவு விழுக்காட்டில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும். நல்ல ஸ்பீக்கரிலேயே தாழ்ந்த ஒலிகளில் அது ஒரு விழுக்காட்டைத் தொடுவதுண்டு. நூறு மடங்கு பெரிய குறையை விட்டுவிட்டுச் சிறிய குறைக்குப் பெருந்தொகை செலவிடச் சொல்லும் விமர்சனம், வருவாய் குறைந்த கேட்பவருக்கு நேரடியாகத் தீங்கு செய்கிறது.

அளவை எண்களை மட்டும் நம்புவோரிடமும் ஒரு குறை உண்டு. கருவி தூய்மையாக இருக்கிறது என்று அவர்கள் நிறுவுவது சரி. ஆனால் அந்தக் கருவி வழியாக எது ஓடுகிறது என்று அவர்களும் கேட்பதில்லை. தூய்மையான கருவி மோசமான நகலை அதன் எல்லாக் குறைகளோடும் தூய்மையாகவே ஒலிக்கும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மடிக்கணினியை மூலமாக இணைக்கும்போது ‘ம்ம்’ என்ற முனகல் எழுவதுண்டு. கணினிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நிலத்தொடுப்பு இரண்டு வழிகளில் அமைவது இதற்குக் காரணம். முப்பின் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடும் பழக்கம் உயிருக்கு ஆபத்தானது. ஒரே பலகையிலிருந்து இரண்டுக்கும் மின்சாரம் எடுப்பது, கணினியைப் பேட்டரியில் இயக்குவது, ஆப்டிகல் வடத்தால் இணைப்பது ஆகிய மூன்றில் ஒன்று பெரும்பாலும் தீர்வு தரும். ஸ்பீக்கர்களைச் சுவர் மூலையில் கூரையை ஒட்டி மாட்டுவது பரவலான வழக்கம். காதின் உயரத்துக்கு இறக்கி, கேட்பவரோடு முக்கோணமாக அமைத்து, டைல்ஸ் தரையில் ஒரு ஜமக்காளத்தை விரித்தால் கிடைக்கும் தெளிவைப் புதிய டேக் எதுவும் தராது.

மதிப்பீடு

மலிவான டிஜிட்டல் மூலம் என்ற சிக்கல், கருவி அளவில் ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. பழைய கைப்பேசியும் எளிய டேக்கும், அல்லது பரணில் கிடந்த டிவிடி பிளேயரும் டேக்கும், உத்தமபாளையத்தின் எந்த வீட்டுக்கும் போதுமானவை. மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பெட்டிக்குப் போகத் தேவையில்லை. மிஞ்சும் பணம் ஸ்பீக்கருக்கும், நல்ல பதிப்பாகத் தேடி வாங்கும் குறுந்தகடுகளுக்கும் உரியது. வாங்கிய தகட்டை ஒருமுறை ஃப்ளாக்காக மாற்றி இரண்டு இடங்களில் சேமித்தால், சேவை நின்றாலும் கருவி முடங்கினாலும் இசை கையை விட்டுப் போகாது.

தீராத சிக்கல் பதிவுகளுடையது. காந்தநாடாக்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. எந்தப் பதிப்பு எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைத் தமிழ்த் திரையிசை வெளியீடுகள் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. அக்குறிப்பை உறையில் அச்சிடுவதற்குச் செலவு ஏதும் இல்லை. அது வரும்வரை அந்த வேலையைக் கேட்பவரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போன ஒரு கலைஞர் எழுதிய பேஸ் வரியும் வயலின் வரியும், சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உத்தமபாளையத்து வீடொன்றில் முழுமையாகக் கேட்கின்றனவா என்பது அந்தத் தேடலைப் பொறுத்தே அமையும்.